தந்தை தந்த சக்கரம்

மோட்டார்ப் பந்தயத்தின் சரித்திரத்தை எழுதுவோர் யந்திரங்களைப் பற்றி எழுதுவர். வேகத்தைப் பற்றி எழுதுவர். ஓடுபாதையில் மாண்ட வீரர்களைப் பற்றியும் உருக்கமாக எழுதுவர். தந்தையரைப் பற்றித் தனியே எழுதுவோர் அரியர். ஆனால் அந்தச் சரித்திரத்தைச் சற்றுக் கூர்ந்து நோக்கினால், பந்தய வண்டியை ஓட்டும் இளைஞன் ஒவ்வொருவனுக்கும் அருகே ஒரு தந்தை நிற்பதைக் காணலாம். பட்டறை வைத்திருந்த தந்தை, பணம் வைத்திருந்த தந்தை, இரண்டும் இல்லாமல் தன் உடலுழைப்பை மட்டுமே வைத்திருந்த தந்தை என்று அவர்களில் பல வகையினர் உண்டு. அந்த வண்டியின் அடியில் சுழலும் ரப்பருக்கும் தந்தையர் உண்டு என்பதை நாம் மறந்துவிடுகிறோம். அவர்கள் இலங்கையின் சப்ரகமுவ மாகாணத்தில், புளத்கொகுபிட்டிய போன்ற ஊர்களைச் சூழ்ந்த மலைச்சரிவுகளில் ரப்பர்ப் பால் வெட்டியவர்கள். இவ்விரு சாராரையும் அருகருகே நிறுத்திப் பார்ப்பதே இக்கட்டுரையில் நமது நோக்கம்.

டயரின் கதையே ஒரு தந்தையிடமிருந்துதான் தொடங்குகிறது. 1888-ஆம் ஆண்டில் பெல்பாஸ்ட் நகரில் ஜான் பாய்ட் டன்லப் என்னும் கால்நடை வைத்தியர் இருந்தார். அவருடைய சிறுவயது மகனிடம் ஒரு மூன்று சக்கர வண்டி இருந்தது. கல் பாவிய தெருக்களில் கெட்டி ரப்பர் சுற்றிய சக்கரங்கள் குதித்துக் குதித்து ஓடின. தந்தை மெல்லிய ரப்பர்த் தகட்டை ஒட்டிக் குழாயாக்கினார். அதனுள் காற்றை அடைத்தார். மேலே துணியைச் சுற்றிச் சக்கரத்தில் பொருத்தினார். மகனின் வண்டி இலகுவாக ஓடிற்று, வேகமாகவும் ஓடிற்று. 1889 மே மாதத்தில் அந்நகரில் நடந்த சைக்கிள் பந்தயத்தில் காற்றடைத்த டயர் பூட்டிய வில்லி ஹியூம் மற்றவர்களைப் பின்தள்ளி வென்றார். 1845-லேயே ராபர்ட் தாம்சன் என்பவர் இதே யோசனைக்குக் காப்புரிமை பெற்றிருந்தார் என்பது பிற்பாடு வெளிப்பட்டு, டன்லப்பின் உரிமை செல்லாது போயிற்று. ஆனால் வியாபாரம் நிற்கவில்லை. 1895-இல் பாரிஸிலிருந்து போர்தோவுக்குச் சென்று மீளும் பந்தயத்தில் மிஷெலின் சகோதரர் இருவர் காற்று டயருடன் ஒரு மோட்டார் வண்டியை ஓட்டினர். வழிநெடுகத் திரும்பத் திரும்ப டயர் கெட்டது, பரிசும் கிட்டவில்லை. எனினும் இனி மோட்டார் ஓடுவது காற்றின் மேல்தான் என்பது அன்றே உறுதியாகிவிட்டது.

ஒரு மகனின் விளையாட்டு வண்டிக்காகப் பிறந்த பொருளுக்கு உலகம் முழுவதும் கிராக்கி உண்டாயிற்று. அதற்கு வேண்டிய ரப்பர் எங்கிருந்து வந்தது? அமெசான் காடுகளிலிருந்து வந்தது. பெல்ஜிய மன்னன் லியோபோல்ட் தன் சொந்தச் சொத்தாக வைத்திருந்த கொங்கோ நாட்டிலிருந்து வந்தது. கொங்கோவில் குறித்த அளவு ரப்பர் சேர்க்காத கிராமத்தாரின் கைகள் வெட்டப்பட்டன. 1904-இல் ஆலிஸ் சீலி ஹாரிஸ் என்னும் ஆங்கிலேயப் பாதிரி குடும்பத்துப் பெண்மணி அங்கே எடுத்த புகைப்படம் ஒன்று உண்டு. நசாலா என்னும் ஒரு மனிதர் திண்ணையில் அமர்ந்து, தமக்கு முன்னே கிடக்கும் ஒரு சிறு கையையும் ஒரு சிறு காலையும் பார்த்துக்கொண்டிருக்கிறார். அவை அவருடைய ஐந்து வயது மகளுடையவை. டயரின் சரித்திரத்தில் டன்லப்பின் படத்தை அச்சிடுவோர் இந்தத் தந்தையின் படத்தையும் அதே பக்கத்தில் அச்சிட்டால் நேர்மையாக இருக்கும்.

காட்டு ரப்பரை நம்பியிருக்க முடியாது என்று ஆங்கில ஏகாதிபத்தியம் முன்னரே கணக்கிட்டுவிட்டது. 1876-இல் ஹென்றி விக்ஹம் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளை லண்டனுக்கருகிலுள்ள கியூ தோட்டத்துக்குக் கொண்டுவந்தார். முளைத்தவை 2,700 அளவே. அதே ஆண்டில் அவற்றில் 1,919 கன்றுகள் கண்ணாடிப் பெட்டிகளில் இலங்கைக்குக் கப்பலேறின. கம்பகாவை அடுத்த ஹெனரத்கொடவில் அவற்றுக்கென்றே ஒரு தோட்டம் அமைந்தது. மரத்தைக் கொல்லாமல் நாள்தோறும் பட்டையை மெல்லச் சீவிப் பால் எடுக்கும் முறையைச் சிங்கப்பூரில் ரிட்லி என்னும் தாவர விஞ்ஞானி கண்டறிந்த பின், ரப்பர் தோட்டப் பயிராயிற்று. 1910-இல் அதன் விலை வானளாவ ஏறியது. களனி ஆற்றுப் பள்ளத்தாக்கிலும் அதன் கிளை மலைகளிலும் காடுகள் அழிந்து ரப்பர் வரிசைகள் எழுந்தன. அவிசாவளை, தெஹியோவிட்ட, எட்டியாந்தோட்டை, ருவன்வெல்ல, புளத்கொகுபிட்டிய என்று அந்தப் பச்சை வரிசை நீண்டது. சற்று உயரத்தில் தேயிலை, அதற்குக் கீழே ரப்பர். இரண்டுக்கும் இடையே தமிழ்நாட்டிலிருந்து கங்காணிமார் அழைத்துவந்த மக்களின் லயங்கள்.

தேயிலைத் தொழிலாளியின் வாழ்வு பற்றி நம் எழுத்தாளர்கள் ஓரளவு எழுதியிருக்கிறார்கள். ரப்பர்த் தொழிலாளி பற்றிய எழுத்து குறைவு. இருள் பிரியுமுன் பெரட்டுக்குப் போய்ப் பேர் போட்டுக்கொண்டு, ஆணும் பெண்ணும் மலையேறுகிறார்கள். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும். ஆகையால் விடியற்காலையிலேயே வெட்டவேண்டும். வளைந்த கத்தியால் பட்டையை நூலளவு சீவவேண்டும். ஆழம் மிகுந்தால் மரம் புண்படும், குறைந்தால் பால் வராது. முந்தின நாள் வெட்டில் உறைந்து நிற்கும் ஒட்டுப்பாலை உரித்துப் பைக்குள் போட்டு, சிரட்டையைத் துடைத்து வைத்து, அடுத்த மரத்துக்கு ஓடவேண்டும். ஒரு நாளைக்குச் சில நூறு மரங்கள். பின் வாளியுடன் மீண்டும் ஒரு சுற்று. சேர்ந்த பால் கொட்டகையில் அமிலம் கலந்து உறையும். உருளையில் நசுங்கித் தகடாகும். புகைக்கூடத்தில் தொங்கிப் பழுப்பேறும். பொதியாகிக் கொழும்புத் துறைமுகம் போய்ச் சேரும். மழை பெய்தால் வெட்டு இல்லை. வெட்டு இல்லையெனில் கூலியும் இல்லை. இது பொறுமையும் நுட்பமும் வேண்டும் தொழில். மயிரிழை அளவில் வேலை செய்யும் பந்தய யந்திரப் பொறியாளனை வியக்கும் நாம், நூலிழை அளவில் பட்டை சீவும் இந்தக் கைகளை வெறும் கூலிக் கைகள் என்று எண்ணப் பழகிவிட்டோம்.

இலங்கையில் மோட்டார்ப் பந்தயமும் தோட்டத்து மலைகளிலேதான் வேரூன்றியது. நுவரெலியாவில் மகாகஸ்தொட்ட என்னும் இடத்தில் மலையேற்றப் பந்தயம் 1934-இல் தொடங்கியது. மலையேறும் குறுகிய வளைவுப் பாதையில் வண்டிகள் ஒவ்வொன்றாக மேலே பாய்ந்து நேரத்தோடு போட்டியிடும் பந்தயம் அது. வெள்ளைத் தோட்டத் துரைமாரின் காலத்து வசந்தகால விளையாட்டு. அந்த 1934-ஆம் ஆண்டின் கடைசியில்தான் கேகாலைப் பகுதியில் மலேரியாக் கொள்ளைநோய் பரவியது. 1935-க்குள் நாடெங்கும் சுமார் 80,000 பேரை அது கொன்றது. உலக நெருக்கடியால் ரப்பர் விலை வீழ்ந்து, தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கானோர் இந்தியாவுக்குத் திருப்பியனுப்பப்பட்டிருந்த காலம் அது. பட்டினிப்பட்ட உடம்பில் காய்ச்சல் வெகு சுலபமாக வேலை செய்தது. அப்போது சூரியமல் இயக்கத்து இளைஞர்கள் மருந்தும் உணவும் சுமந்துகொண்டு இந்தக் கிராமங்களுக்கு வந்தனர். டாக்டர் எஸ். ஏ. விக்கிரமசிங்க வைத்தியம் பார்த்தார். பருப்பு வழங்கிய என். எம். பெரேராவுக்குக் கிராமத்தார் ‘பருப்பு மஹத்தயா’ என்றே பெயர் சூட்டினர். 1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சி பிறந்தது. 1936-இல் புளத்கொகுபிட்டியவை அடுத்த ருவன்வெல்லத் தொகுதியிலிருந்து என். எம். பெரேரா அரசாங்க சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பந்தய வண்டிகள் மேல் மலை ஏறிய அதே பருவங்களில், கீழ் மலைகளில் நடந்த காரியம் இது.

அந்த நாட்களில் ஐரோப்பாவில் பந்தய வண்டி செய்வதில் பெரும் புகழ் பெற்றிருந்தவர் எத்தோர் புகாட்டி. பிரான்ஸின் மோல்ஸைம் ஊரில் அவருடைய தொழிற்சாலை இருந்தது. மகன் ழான், தந்தையிடமே தொழில் கற்று இளவயதிலேயே சிறந்த வடிவமைப்பாளர் ஆனான். அவனுக்குப் பந்தயத்தில் ஓட்ட ஆசை. தந்தை தடை விதித்திருந்தார். பிறர் மக்கள் ஓட்டுவதற்காக வண்டி செய்து கொடுத்தவர், தம் மகன் ஓட்டுவதைப் பொறுக்கவில்லை. நாம் இதைக் குற்றமாகச் சொல்லவில்லை. தந்தை மனம் அப்படித்தான். ஆனால் அதே மனிதர் தம் தொழிலாளரையும் குழந்தைகளாகவே பாவித்தார். 1936-இல் மக்கள் முன்னணி வெற்றியை ஒட்டிப் பிரான்ஸெங்கும் தொழிலாளர் ஆலைகளில் அமர்ந்து வேலைநிறுத்தம் செய்தபோது, மோல்ஸைம் தொழிலாளரும் நிறுத்தினர். எத்தோர் அதைப் பிள்ளைகள் செய்த துரோகமாக எடுத்துக்கொண்டு, மனம் கசந்து பாரிஸுக்குப் போய்விட்டார். தொழிற்சாலைப் பொறுப்பு ழான் கைக்கு வந்தது. 1939-இல் அவர்கள் வண்டி லெ மான் பந்தயத்தில் வென்றது. அந்த வெற்றி வண்டியையே ஆகஸ்ட் 11 அன்று சாலையில் சோதித்து ஓட்டிய ழான், குறுக்கே வந்த சைக்கிள்காரர் ஒருவரைத் தவிர்க்க முயன்று மரத்தில் மோதி இறந்தான். வயது முப்பது. பந்தயத்திலிருந்து காத்த தந்தையால் சோதனை ஓட்டத்திலிருந்து காக்க முடியவில்லை. அடுத்த மாதமே யுத்தம் மூண்டது.

யுத்தம் புளத்கொகுபிட்டியவின் மரங்களுக்கும் வந்தது. 1942-இல் மலாயாவும் டச்சு இந்தியத் தீவுகளும் ஜப்பானியர் வசமானபின், நேச நாடுகளுக்கு இயற்கை ரப்பர் தரும் முதன்மையான இடமாக இலங்கை ஒன்றே எஞ்சியது. மரத்தின் ஆயுளைப் பற்றிக் கவலைப்படாமல் எல்லாப் பக்கத்திலும் வெட்டிப் பால் உறிஞ்சும் முறை அப்போது அனுமதிக்கப்பட்டது. ஆங்கிலத்தில் அதைக் கொலைவெட்டு என்றே சொன்னார்கள். அவர்களுடைய விமானங்களும் லாரிகளும் ஓடின. யுத்தம் முடிந்தபோது பாலற்ற மரங்கள் நின்றன.

இனி நாம் இரண்டு இடங்களை ஒரே ஆண்டுகளில் பார்க்க வேண்டும்.

முதலாவது, லண்டனை அடுத்த சர்பிட்டன். அங்கே சார்லஸ் கூப்பர் என்னும் மெக்கானிக் ஒரு சிறு மோட்டார்ப் பட்டறை நடத்தினார். முன்னர் கே டான் என்னும் பந்தய வீரருக்கு மெக்கானிக்காக இருந்தவர். மகன் ஜான் சிறுவனாயிருந்தபோதே அவனுக்கென்று சிறிய வண்டிகள் செய்து கொடுத்தார். யுத்தம் முடிந்த 1946-இல் மகனும் அவன் நண்பன் எரிக் பிராண்டனும் பந்தய வண்டி செய்யப் புறப்பட்டபோது, பட்டறையையும் கருவிகளையும் தம் அனுபவத்தையும் தந்தை அவர்களுக்கு விட்டுக்கொடுத்தார். கையில் பணமில்லை; நாட்டில் பொருளில்லை. இரண்டு பழைய சிறு பியட் வண்டிகளின் முன்பாகங்களை வெட்டி முதுகோடு முதுகாக ஒட்டவைத்தனர். மோட்டார் சைக்கிளின் 500 சி.சி. யந்திரத்தைச் சங்கிலி ஓட்ட வசதியாக ஓட்டுநரின் பின்னால் வைத்தனர். பெரிய கம்பெனிகள் எல்லாம் யந்திரத்தை முன்னால் வைத்துக் கொண்டிருந்த காலம் அது. ஏழைப் பட்டறையின் சிக்கனத்தால் நேர்ந்த அந்த ஏற்பாடு, சில ஆண்டுகளில் பந்தய உலகையே புரட்டிவிட்டது. 1958 ஜனவரியில் போனஸ் அயர்ஸில் நடந்த உலகப் பந்தயத்தில் ஸ்டெர்லிங் மாஸ் ஒரு சிறிய கூப்பர் வண்டியுடன் பெராரிகளை எதிர்த்து நின்றார். வண்டியின் சக்கரங்களை விரைவில் கழற்ற முடியாது. டயர் மாற்ற நின்றால் தோல்வி நிச்சயம். அவர் நிற்கவேயில்லை. 80 சுற்றும் ஒரே டயர்களில் ஓடி முடித்தபோது, ரப்பர் முழுதும் தேய்ந்து உள்ளே இருந்த துணி வெளியே தெரிந்தது. வெற்றி மூன்று வினாடிக்கும் குறைவான இடைவெளியில். பின்பக்க யந்திர வண்டி உலகப் பந்தயத்தில் பெற்ற முதல் வெற்றி அது. 1959-இலும் 1960-இலும் ஜாக் பிராபம் கூப்பர் வண்டியில் உலக வீரரானார். முதிய சார்லஸ் அதைக் கண்ணாரக் கண்டு 1964-இல் காலமானார். தொழிலாளியான ஒரு தந்தை மகனுக்குத் தரக்கூடியவற்றில் பட்டறை எவ்வளவு பெரியது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இரண்டாவது இடம் கொழும்பிலுள்ள பாராளுமன்றம். கூப்பர் பட்டறையிலிருந்து பந்தய வண்டிகள் விற்பனைக்கு வரத் தொடங்கிய அதே 1948-இல், சுதந்திர இலங்கை தன் 18-ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தை நிறைவேற்றியது. நவம்பர் 15 முதல் அது அமலாயிற்று. அச்சட்டம் கேட்ட கேள்வி ஒன்றுதான்: உன் தந்தை எங்கே பிறந்தான்? இலங்கையில் பிறந்தவன் பிரஜையாக வேண்டுமாயின் அவன் தந்தையும் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். அல்லது தந்தையின் தந்தையும் அவருடைய தந்தையும் இங்கே பிறந்திருக்க வேண்டும். அதை நிரூபிக்கவும் வேண்டும். லயத்தில் பிறந்து, மருத்துவிச்சி கையில் விழுந்து, எந்தப் பதிவேட்டிலும் ஏறாத தந்தையின் பிறப்பை ரப்பர்த் தொழிலாளி எதைக் காட்டி நிரூபிப்பான்? கொழும்பு நகரத்துச் சிங்களக் கனவானிடமும் தன் பாட்டனின் பிறப்புச் சான்று இருந்திருக்க முடியாது. ஆனால் அவரை யாரும் கேட்கவில்லை.

1949-இல் வந்த இந்திய, பாகிஸ்தானியர் குடியுரிமைச் சட்டத்தின்கீழ் சுமார் 8 லட்சத்து 25 ஆயிரம் பேருக்காக விண்ணப்பங்கள் போடப்பட்டன. 1964 வரை உரிமை பெற்றவர் சுமார் 1 லட்சத்து 34 ஆயிரம் பேரே. வாக்குரிமையும் பறிபோயிற்று. பந்தயத்துக்கு மகனை அனுப்பும் தந்தை பெயரைத் தருகிறான், பணத்தைத் தருகிறான், பட்டறையைத் தருகிறான். இங்கே ஒரு தந்தை தன் மகனுக்குத் தன் பிறப்பையே தரமுடியாதவன் ஆக்கப்பட்டான். உலகுக்கு ரப்பர் தந்தவன், அந்த ரப்பருக்கு 1952 டிசம்பர் ஒப்பந்தத்தின்படி ஆண்டுக்கு 50,000 தொன் சீனாவுக்குப் போய் 2 லட்சத்து 70 ஆயிரம் தொன் அரிசியாகத் திரும்பி வந்ததை நாடு முழுதும் உண்டபோதும், நாடற்றவனாகவே நின்றான்.

1948-இல் அச்சட்டத்தை எதிர்த்துச் சபையில் வாதாடியவர்கள் இடதுசாரிகள்; அது அவர்களுடைய பெருமை. ஆனால் 1964 ஜூனில் சமசமாஜக் கட்சி ஆட்சியில் பங்கேற்று, என். எம். பெரேரா நிதி அமைச்சரானார். அக்டோபர் 30 அன்று சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 9 லட்சத்து 75 ஆயிரம் நாடற்றோரில் 5 லட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவும் 3 லட்சம் பேரை இலங்கையும் ஏற்பது என்றும், எஞ்சிய 1 லட்சத்து 50 ஆயிரம் பேரைப் பின்னர் பிரித்துக்கொள்வது என்றும் முடிவாயிற்று. அந்த மக்களில் ஒருவரைக்கூடக் கேட்காமல் செய்த பங்கீடு இது. ‘பருப்பு மஹத்தயா’ அமைச்சராயிருந்த ஆட்சியில்தான் இது நடந்தது என்பதை, அவரிடம் மதிப்புள்ள நாமே சொல்லிவிடுவது நல்லது. தந்தை ஒரு பட்டியலிலும் மகன் மற்றொரு பட்டியலிலும் ஏறிப் பிரிந்த குடும்பங்கள் உண்டு. தலைமன்னாரில் கப்பலேறியவர்களில் நீலகிரித் தேயிலைத் தோட்டங்களுக்குப் போனவர் பலர். சிலர் கன்னியாகுமரி ரப்பர்த் தோட்டங்களுக்குப் போய் அதே கத்தியை மீண்டும் பிடித்தனர்.

அவர்கள் வந்திறங்கிய தமிழ்நாட்டிலும் பந்தயத் தந்தையர் இருந்தனர். யுத்தகாலத்தில் அமைத்த சோழவரம் விமான ஓடுதளத்தில் சென்னை மோட்டார் ஆர்வலர்கள் 1950-களிலிருந்து பந்தயம் நடத்தினர். 1990-இல் இருங்காட்டுக்கோட்டையில் நிலையான ஓடுபாதை வந்தது. ஆனால் இந்தக் கலையின் பட்டறையாக விளங்கியது கோயம்புத்தூர். பஞ்சாலை, வார்ப்பட்டறை, பம்பு மோட்டார் என்று யந்திரத்தோடு வளர்ந்த நகரம் அது. அதன் இரும்புக்கும் பஞ்சுக்கும் கொடுத்த விலையையும் நாம் அறிவோம்: சின்னியம்பாளையத்துத் தொழிலாளர் நால்வர் தூக்கிலிடப்பட்டது 1946 ஜனவரி 8-இல், அந்நகரத்து மண்ணில்தான். பஞ்சாலைக் குடும்பம் ஒன்றில் வந்த எஸ். கரிவரதன், 1980-களின் பிற்பகுதியில் மாருதி 800 வண்டியின் சிறு யந்திரத்தை வைத்து ஒற்றை இருக்கைப் பந்தய வண்டிகளை வடிவமைத்தார். வெளிநாட்டு வண்டி வாங்க முடியாத இளைஞரும் ஓட்டக்கூடிய வண்டி அது. கூப்பர் பட்டறையின் 500 சி.சி. வண்டி இங்கிலாந்தில் செய்த காரியத்தை, கரிவரதனின் வண்டி இந்தியாவில் செய்தது என்று சொன்னால் மிகையாகாது. 1995-இல் விமான விபத்தில் அவர் இறந்தார். கோவையை அடுத்த செட்டிபாளையம் ஓடுபாதை இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அந்த வண்டியில் தொடங்கியவர்தான் நாராயண் கார்த்திகேயன். 1977-இல் பிறந்த அவருடைய தந்தை ஜி. ஆர். கார்த்திகேயன், தென்னிந்திய ராலிப் பந்தயத்தை ஏழுமுறை வென்றவர். மகனுக்கு வீட்டிலேயே குரு. 1992-இல் மகன் பிரான்ஸிலுள்ள பந்தயப் பள்ளிக்குச் சென்றார்; பின் இங்கிலாந்து; 1994-இல் அங்கே பார்முலா போர்டு குளிர்காலத் தொடரை வென்றார். இத்தனை திறமையும் ஐரோப்பாவில் தொடர்ந்து நிற்கப் போதவில்லை, பணம் வேண்டும். ஆசியப் பந்தயங்களுக்குத் திரும்பி, 1996-இல் பார்முலா ஆசியா வீரரானார். பின்பும் புரவலர்களைத் தேடித் தேடித்தான் படியேற வேண்டியிருந்தது. தந்தையின் பட்டறையோடு முடிந்துவிட்ட காலம் போய், கம்பெனிகளின் காலம் வந்துவிட்டது. மகன் என்றே நாம் சொல்லிக்கொண்டு போகிறோம். சென்னை மோட்டார் சைக்கிள் வீரர் ஆர். ஏ. அப்துல்லா தம் மகள் அலிஷாவை ஓடுபாதையில் இறக்கி வளர்த்ததையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

பணமில்லாத தந்தை யாருமே வென்றதில்லையா என்று மாணவ நண்பர்கள் கேட்கலாம். ஒருவர் உண்டு. கிரெனடா என்னும் கரீபியத் தீவு, அடிமைகளின் உழைப்பால் வளர்ந்த தோட்டங்களின் தீவு. அங்கிருந்து 1955-இல் இங்கிலாந்துக்குக் குடியேறிய ஒரு கறுப்பினத் தொழிலாளியின் மகன் ஆன்டனி ஹாமில்டன். ரயில்வேயில் வேலை பார்த்தவர். தம் மகன் லூயிஸ் சிறு பந்தய வண்டியில் ஓடத் தொடங்கியபின், ஒரே சமயத்தில் இரண்டு மூன்று வேலைகள் பார்த்தார். வண்டியைத் தாமே பழுது பார்த்தார். 1998-இல், மகனுக்குப் பதின்மூன்று வயதானபோது, மக்லாரன் கம்பெனி செலவை ஏற்றுக்கொண்டது. 2008-இல் லூயிஸ் உலக வீரரானார். தந்தையின் தியாகத்தை நாம் வணங்குகிறோம். ஆனால் ஒரு சமுதாயத்தில் ஒரு பிள்ளை மேலேற ஒரு தந்தை இரவும் பகலும் தேய வேண்டியிருந்தது என்பதும், அப்படித் தேய்ந்தவர்களில் உலகறிந்தவர் அவர் ஒருவரே என்பதும், அந்த விளையாட்டைப் பற்றிச் சொல்லும் செய்தி வேறு.

2005-இல் நாராயண் கார்த்திகேயன் ஜோர்டன் குழுவுக்காக பார்முலா ஒன்றில் ஓடினார். இந்தியர் ஒருவர் அங்கே ஓடியது அதுவே முதன்முறை. ஜூன் 19 அன்று அமெரிக்காவின் இண்டியானாபோலிஸில் ஒரு விந்தை நடந்தது. அங்குள்ள சாய்வான வளைவின் வேகத்தை மிஷெலின் டயர்களின் பக்கச்சுவர் தாங்காது என்று கம்பெனியே அறிவித்தது. மிஷெலின் டயர் பூட்டிய 14 வண்டிகளும் ஒரு சுற்று வந்துவிட்டு ஒதுங்கிக்கொண்டன. பிரிட்ஜ்ஸ்டோன் டயர் பூட்டிய ஆறு வண்டிகள் மட்டும் ஓடின. கூட்டம் கூச்சலிட்டது. நாராயண் நான்காவதாக வந்து ஐந்து புள்ளிகள் பெற்றார். உலகப் பந்தயத்தில் அவர் பெற்ற புள்ளிகள் அவை மட்டுமே. பதினான்கு குழுவண்டிகளின் பொறியாளர்களும் கோடிக்கணக்கான பணமும் அன்று ஒரு ரப்பர் வளையத்தின் முன் கைகட்டி நின்றன. இன்றைய பந்தய டயரில் செயற்கை ரப்பரே மிகுதி என்பதை நாம் அறிவோம். ஆனால் லாரிக்கும் விமானத்துக்கும் மரத்து ரப்பரை விட்டால் கதியில்லை. மரமோ இன்னும் மனிதக் கைக்குத்தான் பால் தருகிறது.

புளத்கொகுபிட்டியவுக்குத் திரும்புவோம். 1988-இலும் 2003-இலும் வந்த சட்டங்களால் நாடற்றோர் என்ற பெயர் நீங்கியது. 1948-இல் உரிமை இழந்தவரின் பேரப் பிள்ளைகள் வாக்காளர் ஆயினர். வீடு மாறவில்லை. 2016 மே 17 அன்று கொட்டிய பெருமழையில் புளத்கொகுபிட்டிய களுபஹன தோட்டத்தில் மலை சரிந்து லயத்தை மூடியது. தந்தையரும் பிள்ளைகளும் ஒரே மண்ணில் புதைந்தனர். மலையின் எந்தச் சரிவில் குடியிருப்பது என்பதைத் தொழிலாளி தேர்ந்துகொண்டதில்லை; ரப்பரும் தேயிலையும் வேண்டாத இடத்தில் லயத்தைக் கட்டியவர்கள் நூறாண்டுக்கு முந்திய துரைமார்.

இத்தோட்டங்களின் இளைஞரில் பலர் இப்போது கத்தி பிடிப்பதில்லை. கொழும்பின் கடைகளுக்கும் மோட்டார்ப் பட்டறைகளுக்கும் போகிறார்கள். ஊரிலேயே தங்கிவிடுவோருக்கு முச்சக்கர வண்டி ஒன்று சொந்தமாக வேண்டும் என்பதே பெரிய ஆசை. ஓய்வுபெறும் தந்தையின் கைக்கு வரும் சேமலாப நிதியும் சேவைக்காலப் பணமும் அந்த வண்டிக்கு முற்பணமாகப் போவதுண்டு. மீதிக்கு லீசிங் கம்பெனி. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபின், பழைய வண்டியின் விலைகூட எட்டாத உயரத்துக்குப் போயிற்று. மாதத் தவணை தவறினால் கம்பெனிக்காரர் வந்து வண்டியை எடுத்துச் செல்வர். தந்தை முப்பது, நாற்பது ஆண்டு பால் வெட்டிச் சேர்த்ததும் அதனோடு போகும்.